மூன்று பேர் சொன்ன ஒரே கம்ப்ரசர்

வாழ்க்கையில் நான் போன இன்டர்வியூ ஒன்றே ஒன்று. அதில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். "மாமாவுக்கு சுகர் எப்படி இருக்கு?" என்பது முதலாவது. "திங்கக்கெழமை வந்துடறியா?" என்பது இரண்டாவது. இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொன்னேன். செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் வால்வு செய்யும் அந்தக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ட்ரெய்னியாகச் சேர்ந்தவன், இருபத்தெட்டு வருடமாக அங்கேயே இருக்கிறேன். இப்போது மேனேஜர். மாமா காலமாகிவிட்டார்.

இந்த அனுபவ பலத்தை வைத்துக்கொண்டு நான்கு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் "இன்டர்வியூவை எதிர்கொள்வது எப்படி" என்று வகுப்பு எடுத்தேன். வெட்கப்பட வேண்டிய விஷயம். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை தேடும் பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

1. ஞாயிற்றுக்கிழமை வாத்தியார்

சென்டர் மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே ஹாஸ்டல் மெஸ். பக்கத்து அறையில் சாஃப்ட்வேர் வகுப்பு. நடுவில் இருந்தது பிளைவுட் தடுப்பு என்பதால், நான் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது அங்கிருந்து யாராவது "எரர் வருது சார்" என்பார்கள்.

நான் சொல்லிக்கொடுத்ததில் பாதி இன்றைக்கும் சரிதான். சர்ட்டிஃபிகேட்டுகளைத் தேதி வரிசையில் ஃபைலில் வையுங்கள். கம்பெனி எங்கே இருக்கிறது என்று முந்தின நாளே போய்ப் பார்த்து வாருங்கள். வாசலில் செக்யூரிட்டியிடம் மரியாதையாகப் பேசுங்கள், உங்களைப் பற்றிய முதல் ரிப்போர்ட் அவனிடமிருந்துதான் உள்ளே போகிறது. சட்டையை முந்தின நாளே அயர்ன் பண்ணி, போட்டுக்கொண்டு ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், பட்டன் எது திறக்கிறது என்று தெரியும்.

வில்லங்கம் மீதிப் பாதியில். "நீங்கள் சமாளித்த ஒரு கஷ்டமான நிலைமையைச் சொல்லுங்கள்" என்று எல்லா இன்டர்வியூவிலும் கேட்பார்கள். அதற்கு மாதிரியாக என் கம்ப்ரசர் கதையைச் சொல்வேன்.

எங்கள் பிளான்ட்டில் ஒரு ஏர் கம்ப்ரசர் வாரத்துக்கு மூன்று தடவை ட்ரிப் ஆகித் தானாக நின்றுவிடும். மெஷினை விற்ற கம்பெனியின் இன்ஜினியர்கள் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். நான் ஒரு நீளமான ஸ்க்ரூட்ரைவரை எடுத்து, அதன் முனையை மெஷின் மீதும் பிடியைக் காதிலும் வைத்து, ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். மோட்டார் பக்கத்து பேரிங்கில் ஒரு கரகரப்பு. "இங்கே பிரியுங்கள்" என்றேன். பிரித்தார்கள். பேரிங் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்த கம்ப்ரசர் ட்ரிப் ஆகவே இல்லை.

பிள்ளைகள் கைதட்டுவார்கள். இது மாதிரிக்குத்தான், உங்களுடையதைச் சொல்லுங்கள் என்று முதல் வருடம் சொன்னேன். இரண்டாவது வருடம் அதைச் சொல்ல மறந்தேன். மூன்றாவது வருடம், "ஒண்ணும் தோணலைன்னா இதையே சொல்லிக்கங்க, தப்பில்ல" என்றேன். கைதட்டல் ஒரு மனிதனைப் படிப்படியாகத்தான் இறக்குகிறது.

2. லேசா வை, உள்ள போகாது

நிர்மலா வகுப்புக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. சுற்றியிருந்த எல்லோரும் இருபத்திரண்டு. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். பதினோரு வருடம் ஒரு சிறிய மெஷின் ஷாப்பில் க்யூசி இன்ஸ்பெக்டராக, அதாவது பீஸ்களின் தரம் பார்ப்பவளாக இருந்தாள். அந்தக் கம்பெனி ஊருக்கு வெளியே, மேட்சல் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அவளால் போக முடியவில்லை. கணவர் ஆட்டோ ஓட்டியவர், இடுப்பில் ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் இருந்தார். மத்தியானம் ஒருமுறை வீட்டுக்குப் போய் அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, சாப்பாடு கொடுத்து, மாத்திரை கொடுக்க வேண்டும். வீடு நாச்சாரத்தை ஒட்டிய மல்லாபூர். அதனால் வேலை நாச்சாரத்தில்தான் வேண்டும்.

அந்த மாதமே நாச்சாரத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. சேகரின் ஃபேக்டரியில் க்யூசி இன்ஸ்பெக்டர். சேகர் என்னோடு ட்ரெய்னியாகச் சேர்ந்தவன், பிறகு அங்கே போய் பிளான்ட் ஹெட் ஆகிவிட்டான். லஞ்ச் நேரத்தில் வீட்டுக்குப் போய்த் திரும்பும் தூரம். இவளுக்காகவே அளந்து வைத்தது போல ஒரு வேலை.

வகுப்பில் மூன்று பேரை அதற்கு அப்ளை பண்ணச் சொன்னேன். இரண்டு பையன்கள், நிர்மலா.

வகுப்பு முடிந்ததும் நிர்மலா நின்றாள். "சார், சேகர் சார் உங்க ஃப்ரெண்டுன்றாங்களே. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"சிபாரிசு நக்கோம்மா, வேணாம். தகுதியில வரணும். அதுதான் உனக்கு மரியாதை" என்றேன்.

மாமாவின் சுகரால் வேலைக்கு வந்தவன் சொன்ன வாக்கியம் இது. சொல்லும்போது குரலில் ஒரு கம்பீரம் கூட இருந்தது.

பிறகு அவளை உட்கார வைத்து மாதிரி இன்டர்வியூ நடத்தினேன். "நீங்கள் சமாளித்த கஷ்டமான நிலைமை?"

அவள் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "ஒரு தடவ ப்ளக் கேஜ் போட்டுப் பாத்தேன் சார். நோ-கோ சைடு உள்ள போயிடுச்சு."

க்யூசி தெரியாதவர்களுக்கு: துளையை அளக்கும் இந்த கேஜுக்கு இரண்டு முனை. கோ முனை துளைக்குள் போக வேண்டும். நோ-கோ முனை போகக் கூடாது. போனால் துளை பெரிதாகிவிட்டது, பீஸ் ரிஜெக்ட்.

"எத்தனை பீஸ்?"

"அந்த லாட்டுல இருந்த பீஸ் பூரா அப்படித்தான் சார். வண்டி வந்து வாசல்ல நிக்குது. சூப்பர்வைசர் என்ன சொன்னாருன்னா, 'ஏம்மா அமுக்குற, லேசா வை, உள்ள போகாது'ன்னாரு. நான் கையெழுத்துப் போடல. லாட்ட நிறுத்திட்டேன்."

"அப்புறம்?"

"என்னைப் பேக்கிங்ல தூக்கிப் போட்டாங்க. ரெண்டு மாசம். சூப்பர்வைசரே கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சாரு. மொத்தமும் திரும்பி வந்துச்சு. அப்புறம் என்னைக் கூப்டுக்கிட்டாங்க."

"பேக்கிங்ல கஷ்டமா இருந்துதா?"

"ஏன் சார், அங்க ஃபேன் இருந்துச்சு."

இப்போது இதை எழுதும்போது எனக்கே பேனாவைக் கீழே வைத்துவிடலாம் போல இருக்கிறது. இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை. எந்த க்யூசி மேனேஜரும் இதைக் கேட்டால் எழுந்து வந்து வேலையில் சேரக் கையெழுத்து வாங்கிக்கொள்வான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதை அங்க சொல்லாத. மேலதிகாரியோட சண்டைன்னு எடுத்துப்பாங்க. பேக்கிங்குக்கு மாத்தினாங்கன்னு நீயே சொன்னா, உன்னை நீயே இறக்கிக்கற மாதிரி."

"வேற என்ன சார் சொல்றது?"

"கம்ப்ரசரைச் சொல்லு."

"எனக்குக் கம்ப்ரசர் தெரியாதே சார்."

"தத்துவம் ஒண்ணுதான்மா" என்றேன். என்ன தத்துவம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிழைத்திருப்போம்.

மூன்று வாரம் அவளை அதைப் பாடம் பண்ண வைத்தேன். புடவையை எப்படிப் பின் பண்ண வேண்டும் என்றுகூடச் சொன்னேன். பதினோரு வருடம் லேத் ஓடும் இடத்தில் நடமாடியவளுக்கு முந்தானையைப் பின் பண்ணத் தெரியாது என்று நினைத்திருக்கிறேன்.

3. எத்தனை ஹெச்பி?

இன்டர்வியூ நடந்த இரண்டாம் நாள் சேகர் போன் செய்தான். எடுத்தவுடன் சிரித்தான்.

"க்யா மூர்த்தி, யாதகிரி ஸ்க்ரூட்ரைவர் எப்படிடா இருக்கு?"

இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரூட்ரைவரைக் காதில் வைத்துக் கேட்டது நான் இல்லை. யாதகிரி என்ற ஃபிட்டர். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். ரிப்போர்ட் எழுதியது நான். ரிப்போர்ட்டில் "கண்டுபிடிக்கப்பட்டது" என்றுதான் எழுதியிருந்தேன். வருடங்கள் போகப் போக, கண்டுபிடித்தவன் நானாகிவிட்டேன். அன்றைக்கு அந்த டார்ச் வெளிச்சத்தில் என் பக்கத்தில் நின்ற இன்னொரு ட்ரெய்னி சேகர்.

"மொதல்ல ஒரு பையன் வந்தான். கம்ப்ரசர் கதை சொன்னான். பேக்கேஜிங் கம்பெனில நடந்துச்சாம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு பாத்தேன். ரெண்டாவது பையன், மருந்துக் கம்பெனில நடந்துச்சாம். அதே ஸ்க்ரூட்ரைவர், அதே பேரிங். ஹெச்ஆர் மேடத்துக்குச் சிரிப்ப அடக்க முடியல. மூணாவதா ஒரு அம்மா வந்தாங்க."

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

"அவங்களும் ஆரம்பிச்சாங்க. நான், 'அது எத்தனை ஹெச்பி கம்ப்ரசர்மா?'ன்னு கேட்டேன். பேச்சில்ல. 'இது உங்களுக்கு நடந்ததா?'ன்னேன். 'இல்ல சார்'னாங்க. யாரு சொல்லிக்கொடுத்தாங்கன்னு மேடம் கேட்டாங்க. தல குனிஞ்சு உக்காந்துட்டாங்களே தவிர வாயத் தெறக்கல. உம்பேரு சொல்லலடா. நானாத்தான் கண்டுபிடிச்சேன். மேடம் 'ஜென்யூன் இல்ல'ன்னு எழுதிட்டாங்க."

சேகரிடம் கேஜ் கதையைச் சொன்னேன். வண்டி வாசலில் நின்றது, கையெழுத்துப் போடாதது, பேக்கிங்குக்குப் போனது, எல்லாவற்றையும். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"இத ஏன்டா அவங்க சொல்லல?"

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன்."

"கைக்குடா?"

ஏன் என்று அவன் கேட்டது என் பாடத்தில் இல்லாத கேள்வி. எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான்கு வருடம் பதில் சொல்லிக்கொடுத்தவன் நான்.

"ஒரு போன் பண்ணியிருந்தா நேரா கேஜக் கையில குடுத்துப் பாத்திருப்பேனே" என்றான். "நேத்து சாயங்காலம் ஆர்டர் குடுத்தாச்சு. உன் கிளாஸ் இல்லாத ஒரு குஷாய்குடா பையன். ஒழுங்காப் பேசக்கூட இல்ல, பயத்துல ரெண்டு தடவ தண்ணி கேட்டான். ஆனா மைக்ரோமீட்டரக் குடுத்ததும் ஜீரோ சரியாக் காட்டுதான்னு செக் பண்ணிட்டுத்தான் அளந்தான். அது போதும்னு எடுத்துட்டோம்."

4. மல்லாபூர்

மன்னிப்புக் கேட்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். முதலில் தவறை ஒத்துக்கொள்வது, பிறகு காரணம், பிறகு அடுத்து என்ன செய்யலாம் என்பது. என் வகுப்பின் இரண்டாவது பாடம்.

ஒற்றை அறை. கட்டிலில் கணவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்க முயன்றார். "நீங்க படுங்க, படுங்க" என்றேன். ஒத்திகை அங்கேயே கலைந்துவிட்டது.

"என் தப்புதாம்மா. உன் கதையத்தான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"டீ குடிங்க சார், ஆறுது."

"நான் சேகர்கிட்ட சொல்லிட்டேன். உன்னோட கேஜ் விஷயம் எல்லாம்."

"எடுத்துக்கிறாங்களா?"

"ஆள் போட்டுட்டாங்க."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "அங்க உக்காந்ததும் எனக்கே தெரிஞ்சுது சார்" என்றாள். "பொய் லாட்டுக்குக் கையெழுத்துப் போடற மாதிரி இருந்துச்சு. நிறுத்தத் தோணல. நீங்க கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்தீங்களேன்னு சொல்லிட்டேன்."

டீயைக் குடித்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அதோடு வகுப்பை நிறுத்திவிட்டேன். இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு என்னிடம் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். ஃபைல், அயர்ன், செக்யூரிட்டி பற்றிச் சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நடந்தது சின்னதாக இருந்தாலும், அதில் நீங்கள் திட்டு வாங்கியிருந்தாலும், அதையே சொல்லுங்கள். எதிரில் இருப்பவன் "எத்தனை ஹெச்பி?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்கும். இன்னொன்று என் வயதுக்காரர்களுக்கு. ஒருவர் வேலையில் எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், போனை எடுத்து அதைச் சொல்லிவிடுங்கள். கொள்கையை உங்கள் இன்டர்வியூவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்மலாவுக்கு எட்டு மாதம் கழித்து ஜீடிமெட்லாவில் வேலை கிடைத்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். மத்தியானம் வீட்டுக்கு வர முடியாது. கணவரைப் பார்த்துக்கொள்ள வேலூரிலிருந்து நாத்தனார் வந்து தங்கியிருக்கிறாள். நாச்சாரத்தில் இருந்திருந்தால் இதெல்லாம் தேவைப்பட்டிருக்காது.

அந்த இன்டர்வியூவுக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டாள். போனில் அவள் பெயரைப் பார்த்ததும் எனக்குள் பழைய வாத்தியார் விழித்துக்கொண்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சொல்லும்மா. ஏதாவது கேக்கணுமா? இந்தத் தடவ நானே போன் பண்ணிச் சொல்றேன். அங்க எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார்."

"ஹவ் சார், தெரியும். அதான் கூப்டேன்" என்றாள். "அவரு ஏதாச்சும் கேட்டாருன்னா, என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்க சார்."