லெப்டொப்புக்குக் கேட்காத வைஃபை

1. மூன்றாம் தரம்

"ஏறாவூர் வீட்டில இருந்து திரும்பப் போன் கோல் வந்திரிக்கு" என்றார் மோகன் அண்ணன். செங்கலடிச் சந்தியில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையின் முதலாளி அவர். "மூண்டாந்தரமாப் போறாய் மனே. இந்தத் தரமும் சரிவராட்டி அங்கேயே பாய விரிச்சிப் படு. கடைக்கு வராத."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனம் ஒன்று நடத்திய வகுப்பில் கம்ப்யூட்டர் பழகினேன். கரடியனாற்றில் அப்பா நெல் வட்டையில் கூலி வேலை செய்துகொண்டு, மகன் பெரிய எஞ்சினியர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்த எஞ்சினியரால் ஒரு வீட்டு வைஃபையைச் சரியாக்க முடியவில்லை.

வீட்டுக்கு வைஃபை என்பதே அப்போது எங்கள் பக்கத்துக்குப் புதிது. இணைப்புத் தரும் கம்பனி, ரவுட்டருக்குப் புதிய ஃபேர்ம்வெயார், அதாவது ரவுட்டரை உள்ளே இருந்து நடத்தும் மென்பொருள், போடச் சொல்லியிருந்தது. வாடிக்கையாளர் வீடுகளுக்கெல்லாம் நாங்கள்தான் போய் அப்டேட் செய்து கொடுத்தோம். அதற்குப் பிறகு சில வீடுகளில் ஒரே முறைப்பாடு: ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் வருவதில்லை. ஹொட்லைனுக்குக் கோல் எடுத்தால், "லைன்ல பிழை இல்ல சேர், ரவுட்டர ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்க" என்பார்கள். அப்படிச் செய்தால் அநேகமாகச் சரிவரும். ஆகவே ஒருவரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. நானும்தான்.

2. இடி கேட்காத வீடு

ஏறாவூர் வீட்டில் சபீனா அக்காவும் அவருடைய மாமியாரும் இருந்தார்கள். மாமியாரை நான் உம்மா என்றே கூப்பிடுவேன். சபீனா அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, வாய்ப்பேச்சும் இல்லை. கையால்தான் பேசுவார். கணவர் றியாஸ் காக்காவுக்கு (அண்ணனை அங்கே காக்கா என்பார்கள்) கட்டாரில் வேலை. அவருக்குக் காது கேட்கும். ஆனால் சின்ன வயதில் இருந்து அடுத்தடுத்த வீடு என்பதால் மனைவியின் கைப்பேச்சு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. உம்மாவுக்கும் முக்கால்வாசி விளங்கும். கணவனும் மனைவியும் பேசுவது லெப்டொப்பில், வீடியோ கோல் எடுத்து.

முதல் தரம் போனபோதே ஒன்றைக் கவனித்தேன். சபீனா அக்கா லெப்டொப்பை மூடியதும் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றிவிடுவார்.

"இப்பிடிக் கழட்டிக் கழட்டிப் போட்டா எப்பிடி உம்மா நிண்டு வேலை செய்யும்? அதாலதான் பழுது" என்றேன்.

உம்மா அதைக் கையால் சொல்ல, சபீனா அக்காவின் பதில் வேகமாக வந்தது. உம்மா எனக்குச் சொன்னார்: "இடி முழங்கினா உங்களுக்குக் கேக்கும், ஓடிப்போய்க் கழட்டுவிங்க. எனக்கு ஆர் சொல்ற எண்டு கேக்காள். போன மாரியில இடி விழுந்து டீவியும் போச்சி, இந்த லெப்டொப்புக்கு வயர் கொழுவுற ஓட்டையும் போச்சி. பேந்து வைஃபை மட்டுந்தான் மிச்சம்."

பிறகு உம்மா தன்பாட்டில் சொன்னார்: "சுனாமியண்டு காத்தான்குடியில சொந்தக்காரர் வீட்டில நிண்டவள், மகன். கடல் வருது எண்டு ஊரே கத்தினது. இவளுக்குக் கேட்டதா? றியாஸ் போய்க் கையப் புடிச்சி இழுத்துக்கு வந்தவன்."

அதற்குப் பிறகு பிளக்கைக் குறை சொல்வதை விட்டேன்.

இரண்டு தரமும் நான் போன நேரம் வைஃபை நன்றாகவே வேலை செய்தது. ரீசெட் செய்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன், சரி என்று வந்துவிட்டேன். மறுநாள் கோல் வரும்.

3. வெள்ளிக்கிழமை பின்னேரம்

மூன்றாம் தரம் போனது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். உம்மா வாசலிலேயே நின்றார்.

"இண்டைக்கு எப்பிடியும் சரியாக்கித் தரணும் மகன். இன்னும் ரெண்டு வருசம் நில்லு எண்டு கட்டார் கம்பனி கேட்டிரிக்கி. நாளைக்குக் காலையில றியாஸ் பதில் சொல்லணும். என்ட மூத்தவன் போனடிச்சி, வீட்டில எல்லாருக்கும் விருப்பம், கையெழுத்தப் போடு எண்டு சொல்லிட்டான். இவளை ஒருத்தரும் கேக்கல்ல."

"அவட விருப்பத்த நீங்க போனில சொல்லலாமே உம்மா?"

"நான் சொன்னா என்ட ஆசையும் அதுக்குள்ள கலந்திரும். அவன் இன்னம் ரெண்டு வருசம் நிண்டா நல்லம் எண்டுதான் எனக்கும் இரிக்கி. இவள்ட கதைய இவள்தான் சொல்லணும்."

அந்தப் பேச்சை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தன் விருப்பத்துக்கு மாறான பதில் போய்ச்சேர வேண்டும் என்று, வைஃபை திருத்துகிறவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷி அவர்.

சபீனா அக்காவின் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. 'சுகம்', 'சாமான் வந்தது' என்று எழுதி அனுப்பும் அளவுக்குத்தான் எழுத்து; இந்தப் பதிலை எழுத முடியாது. ஆகவே, கடைக்கு வந்து எங்கள் கம்ப்யூட்டரில் வீடியோ கோல் பேசலாமே என்று கேட்டேன். அவர் உம்மாவிடம் ஏதோ காட்ட, உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்கெல்லாம் நாலு பேருக்க நிண்டாலும் குசுகுசுக்கலாம். என்ட கைய நான் எங்க கொண்டு மறைக்கிற எண்டு கேக்காள்."

வேலையைத் தொடங்கினேன். லெப்டொப்பில் வைஃபை பெயரே இல்லை. என்னுடைய போனில் இருந்தது. போன் வழியாக ரவுட்டருக்குள் போய் ஒரு செட்டிங்கை மாற்றி, ரீஸ்டார்ட் செய்தேன். லெப்டொப்பில் பெயர் வந்தது. பெருவிரலை உயர்த்திக் காட்டினேன்.

சபீனா அக்கா எழுந்து போய்ப் பிளக்கைக் கழற்றினார். திரும்பக் கொழுவினார். பெயர் இல்லை.

வேறொரு செட்டிங்கை மாற்றினேன். பெயர் வந்தது. அவர் கழற்றிக் கொழுவினார். வந்தது. எனக்கு மூச்சு வந்தது. அவர் விடவில்லை. இன்னொரு தரம் கழற்றிக் கொழுவினார். போய்விட்டது.

கம்பனியையும் ரவுட்டரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு திரும்பவும் போனை எடுத்தேன். அவர் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். நிமிர்ந்து பார்த்தேன்.

ரவுட்டரில் மினுங்கிக்கொண்டிருந்த வைஃபை லைட்டைக் காட்டினார். விரல்களை வாயருகே வைத்து வெளியே விரித்தார். என் போனைக் காட்டி, தன் காதைத் தொட்டு, தலையாட்டினார். லெப்டொப்பைக் காட்டி, காதைத் தொட்டு, இல்லை என்று கையை விரித்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டார்.

உம்மா சொல்ல முன்பே விளங்கிவிட்டது. அது பேசுது. உங்கட போனுக்குக் கேக்குது. இதுக்குக் கேக்கல்ல. இதுவும் என்னைப் போலத்தான்.

நான் அதுவரைக்கும் ரவுட்டரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். வைஃபையும் ரேடியோ மாதிரித்தான். ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை செனல் இருக்கும், ரவுட்டர் ஏதாவது ஒன்றில் பேசும். போனில் செனல் பக்கத்தைத் திறந்தேன். ரவுட்டரே தெரிவுசெய்யும் ஓட்டோவில் விடப்பட்டு, பதின்மூன்றில் நின்றது. உடனே மோகன் அண்ணனுக்குக் கோல் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"லெப்டொப் எங்கத்தையான்?" என்றார்.

"றியாஸ் காக்கா வெளிநாட்டில வாங்கி அனுப்பினது."

"அப்ப விஷயம் முடிஞ்சி. அமெரிக்காவுக்கெண்டு செய்த சிலதுக்குப் பதினொண்டாம் செனலுக்கு மேல காது கேளா மனே. அப்டேட்டுக்குப் பிறகு இந்தச் சனியன் கறண்ட் வாற நேரமெல்லாம் தன்ட எண்ணத்துக்குச் செனல் எடுக்குது போல. ஆறில போட்டுப் பூட்டு."

ஓட்டோவை எடுத்துவிட்டு ஆறில் நிறுத்தினேன். இந்தத் தரம் பெருவிரலை உயர்த்தவில்லை, பிளக்கைத்தான் காட்டினேன். சபீனா அக்கா கழற்றிக் கொழுவினார். பெயர் வந்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். ஒவ்வொரு தரமும் வந்தது. கடைசியில் பெருவிரலை உயர்த்தியது அவர்தான்.

கோல் எடுத்தார். திரையில் றியாஸ் காக்காவின் முகம் தெரிந்ததும் நான் பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டேன். உள்ளே இருந்து வளையல் சத்தம் மட்டும் கேட்டது. சில நேரம் மெதுவாக, சில நேரம் அடைமழை மாதிரி. கொஞ்ச நேரத்தில் உம்மாவும் பிளேன்டீயோடு வெளியே வந்தார்.

"என்ன சொல்றா உம்மா?" வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"தெரியா மகன். பாத்தா எனக்கு விளங்கிரும். அதான் வெளிய வந்த நான்."

இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தோம்.

4. என் பெயர்

சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் சபீனா அக்கா கடைக்கு வந்தார். பக்கத்தில் வந்தவருடையது, திரையில் ஒரு கணம் பார்த்த முகம். அக்கா என்னைக் காட்டி, இரண்டு விரலால் எதையோ இழுத்துக் கழற்றி, திரும்பக் கொழுவுவது போலச் செய்தார்.

"இதுதான் தம்பி எங்கட வீட்டில உங்கட பேர்" என்றார் றியாஸ் காக்கா. "நான் கையெழுத்துப் போடல்ல. இஞ்சயே ஒரு வேலை பாத்துக்கு இரிக்கன்."

"உம்மா என்ன சொல்றா?"

"முதல் கிழமை முகத்தத் தூக்கி வெச்சிக்கு இரிந்தாங்க. இப்ப நான் வீட்ட வரச் சுணங்கினா இவளுக்கு முதல் அவங்கதான் வாசல்ல."

மோகன் அண்ணன் என்னைப் பார்த்தார். "மூண்டு தரம் போனாலும் பேரெடுத்துக்கு வந்திட்டாய்" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை வந்து வந்து போனால் செனல் ஓட்டோவில் நிற்கிறதா என்று பாருங்கள். ரவுட்டர் என்ன பேசுகிறது என்று மட்டும் பார்க்காமல், அந்த வீட்டில் அதைக் கேட்க வேண்டிய சாமான் எது, அதற்குக் கேட்கிறதா என்றும் பாருங்கள். சரி என்று சொல்லும் உரிமையை வீட்டுக்காரருக்கு விடுங்கள்.

இன்றைக்கும் எந்த வீட்டிலும் வேலை முடித்து எழும்ப முன் பிளக்கை ஒருதரம் கழற்றிக் கொழுவிப் பார்ப்பேன். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பழக்கம். எனக்கு, அந்த வீட்டு மொழியில் என் பெயரை நானே சொல்லிப் பார்ப்பது.