முனிராஜ் சுரண்டாத கார்

ஆஸ்டின் டவுனில் கார் பெயின்டர் முனிராஜைத் தெரியாத ஆள் யாராவது இருந்தால், அவர் அங்கே நேற்றுதான் குடி வந்திருக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட வாய். கையும் சளைத்ததில்லை, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பதினாறு வயதில் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் பள்ளம் மேட்டைப் பூசிச் சமமாக்கும் பட்டி வேலைக்குப் போனவர், முப்பதில் சொந்தமாக ஷெட் போட்டுவிட்டார்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இரண்டே வார்த்தை: தகரம் வரை. மற்ற பெயின்டர்கள் பழைய பெயின்ட் மேலேயே புதுசை அடித்து, மினுக்கி, வண்டியை அனுப்பிவிடுவார்கள். ஒரு மழைக்காலம் போனால் தோல் உரியும். முனிராஜ் அப்படியில்லை. பழசைத் தகரம் தெரிகிற வரைக்கும் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுப் பெயின்ட் டப்பாவையே திறப்பார். ஷெட் வாசலில் போர்டும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். போர்டுக்குக் கீழே சட்டம் போட்ட ஒரு போட்டோ. குங்குமச் சிவப்பில், தரையோடு தரையாகப் பதுங்கிய இத்தாலிக் கார். பக்கத்தில் இடுப்பில் கை வைத்தபடி முனிராஜ். யார் வந்தாலும் டீ சொல்லி உட்கார வைத்து அந்தக் காரின் கதையை எடுத்துவிடுவார். எட்டு நாள் சுரண்டினாராம், பத்து விரலிலும் ரத்தமாம்.

அத்தனையும் புளுகு. அவர் வாழ்க்கையில் சுரண்டாமல் விட்ட வண்டி ஒன்றே ஒன்று, அது அந்தக் கார்தான்.

கார் மல்லேஸ்வரம் சேஷகிரியுடையது. அவருடைய அப்பா மைசூர் அரசாங்கத்தில் பெரிய இன்ஜினியர், கார்ப் பைத்தியம். பம்பாயிலிருந்து தன் நாட்டுக்குக் கிளம்பிய ஒரு தூதரகத்துக்காரரிடம் எழுபத்துமூன்றில் அந்த வண்டியை வாங்கி வந்தார். பெர்னாஸ்கோ என்று ஒரு சின்னக் கம்பெனி. உடம்பு முழுக்கக் கையால் அடித்த அலுமினியம், மேலே மூடி கிடையாது, இரண்டே சீட். இன்ஜின் உறுமினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஆனால் நிறம்தான் யாருக்கும் பிடிக்கவில்லை. பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை, வெயில் பட்டால் உள்ளுக்குள் பித்தளை மாதிரி ஒரு மினுமினுப்பு. தெருப் பிள்ளைகள் அதை 'ஹெசருகாளு காடி' என்று கத்திக்கொண்டே துரத்தினார்கள். பச்சைப்பயறு வண்டி.

தொண்ணூற்றொன்றில் சேஷகிரியின் மகள் ஸ்னேஹாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து ஊர்வலமாக அழைத்து வரும் ஜானவாசத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி பெங்களூரில் ஏது? சேஷகிரி ஆசைப்பட்டார். அவர் மனைவி அலர்மேல்மங்கை ஒரே போடாகப் போட்டார். என் மாப்பிள்ளை பச்சைப்பயறில் வரமாட்டார், குங்குமச் சிவப்பாக்கிக் கொண்டுவந்தால் ஏறட்டும் என்றார். அப்படித்தான் கார் முனிராஜின் ஷெட்டுக்கு வந்தது. ஒன்பது நாள் கெடு. தகரம் வரை சுரண்ட வேண்டும் என்று சேஷகிரி மூன்று தடவை சொல்லி, அதற்குத் தனிக் கூலியும் பேசிவிட்டுப் போனார்.

முனிராஜ் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், கட்டைவிரல் அகலம் சுரண்டிப் பார்த்தார். பகீரென்றது. பெயின்ட் கல்லாக நின்றது. பிளேடு நழுவி அலுமினியத்தில் கோடு விழுந்துவிட்டது. இரும்புத் தகரமாக இருந்தால் பிளேடைத் தாங்கும். இது வெண்ணெய் மாதிரி மெத்தென்றிருந்தது. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், யாரிடமும் சொல்லாத ஒன்று: அந்த நிறத்தின் மேல் அவருக்கு ஆசை வந்துவிட்டது. எத்தனையோ டப்பாக்களைக் கலந்து பார்த்த கை அது. இந்த நிறத்தை எதை எதோடு சேர்த்தால் கொண்டுவரலாம் என்று அவரால் யோசிக்கக்கூட முடியவில்லை. இதைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்புறம் செய்ததுதான் வேடிக்கை. ஷெட்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினார். சேஷகிரியின் டிரைவர் தினமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காவல் காத்ததால், உள்ளே ஒரு ஓட்டை ஜீப் கதவை எடுத்து வைத்துக்கொண்டு எட்டு நாளும் கரகரவென்று அதைச் சுரண்டினார். கடைசி நாள் காரின் மேல் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை லேசாக ஓட்டி, பிடிமானம் கொடுத்து, பிரைமர் பூசி, சிவப்பை அடித்தார். ஜானவாசத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்க மறந்தார்கள். முனிராஜின் பெயர் மல்லேஸ்வரத்திலிருந்து காக்ஸ் டவுன் வரை பரவியது. ஒரு புளுகை வைத்து வந்த பெயரைக் காப்பாற்ற, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வண்டியையும் மனுஷர் உயிரைக் கொடுத்துச் சுரண்டினார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் புளுகு பதினோரு வருஷம் ஓடியது.

இரண்டாயிரத்து இரண்டில் ஒரு சனிக்கிழமை காலை சேஷகிரியிடமிருந்து போன் வந்தது. மல்லேஸ்வரம் வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டப் போகிறார்கள், காரை நிறுத்த இடமில்லை, விற்கப் போகிறேன் என்றார். மும்பையிலிருந்து ஸ்ரீகண்டன் என்பவர் வந்திருக்கிறாராம். அபூர்வமான பழைய கார்களைப் பார்த்து மதிப்புப் போடுவதே அவருக்குத் தொழிலாம். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், விலை ஏறிவிடும் என்றார் சேஷகிரி. பெங்களூரில் எந்தப் பழைய வண்டியை விற்றாலும் முழுசாகச் சுரண்டிப் பெயின்ட் அடித்தது என்றால் கூடுதல் விலைதானே. முனிராஜ் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மொபெட்டில் கிளம்பினார்.

காம்பவுண்டுக்குள் நுழையும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஸ்ரீகண்டன் காரின் மூக்கைத் திறந்து, உள்ளே இருந்த சின்னத் தகட்டைப் பார்த்தபடி உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். அந்தத் தகட்டில் நிறத்துக்கு ஒரு எண் இருந்தது. இந்த மாடலில் கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பு என்றார் அவர். இந்த எண்ணுள்ள நிறத்தில் கம்பெனி செய்தது மூன்றே வண்டிதான். ஒன்று எரிந்துபோனது, ஒன்று எங்கே என்றே தெரியாது. கம்பெனி அடித்த பெயின்ட் அப்படியே இருந்திருந்தால், மல்லேஸ்வரத்திலேயே ஒரு வீட்டு மனை வாங்குகிற விலைக்குப் போயிருக்குமாம். சிவப்பானதால் சும்மா ஒரு நல்ல புதுக் கார் விலை. அதே நிறத்தில் திரும்ப அடித்தாலும் பிரயோசனமில்லை, நகல் நகல்தான் என்று அவர் சொன்னபோது அவர் குரலிலேயே துக்கம் இருந்தது.

சேஷகிரிக்கு அதில் பாதி காதில் ஏறவில்லை. பெருமையாக முனிராஜின் தோளில் கை போட்டார்.

"முனிராஜு, நீ வேலை செஞ்ச விதத்தை சாருக்கு நீயே சொல்லுப்பா. ஒரு பொட்டு பழைய பெயின்ட்கூட விடலைன்னு சொல்லு."

ஸ்ரீகண்டன் கிளம்பத் தன் பையை மூடினார்.

முனிராஜ் யோசித்தார். வாயைத் திறந்தால் பதினோரு வருஷப் பெயர் போச்சு. சாயங்காலத்துக்குள் ஆஸ்டின் டவுன் முழுக்கத் தெரியும். போர்டைப் பார்த்துச் சிரிப்பார்கள், கொடுத்த வண்டியைத் திருப்பிக் கேட்பார்கள், சேஷகிரி சாரே இவர் முகத்தில் காறித் துப்பினாலும் கேட்க முடியாது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. கார் சிவப்பாகவே போய்விடும். உள்ளே அந்த நிறம் இருப்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் போய்விட்டால் யாருக்குமே தெரியாது. அதை நினைத்ததும் அவரால் தாங்க முடியவில்லை.

"சார், நான் சுரண்டல சார்," என்றார். "உங்க வண்டிய மட்டும்தான் சார். எட்டு நாளும் நான் சுரண்டினது ஓட்டை ஜீப்போட கதவு."

தோளில் இருந்த கை விலகியது. ஆனால் ஸ்ரீகண்டன் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து முனிராஜின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அப்போ கீழ என்ன இருக்கு?"

"கம்பெனி பெயின்ட் சார். அப்படியே இருக்குது. ஆனா பேப்பர் ஓட்டினேன். எவ்ளோ தின்னுச்சுன்னு எனக்கே தெரியாது."

மொபெட் பெட்டியில் தின்னர் பாட்டிலும் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியும் எப்போதும் இருக்கும். எடுத்து வந்தார். கையால் அடித்த பெயின்டைத் தின்னர் கரைத்துவிடும். கம்பெனி அடுப்பில் சுட்டு இறக்கிய பெயின்டை அது ஒன்றும் செய்யாது. தொழிலில் இது சின்னப் பாடம். ஆனால் நடுவில் தன் கை எவ்வளவு அழுத்தித் தேய்த்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பின்பக்க மூலையில், உள்ளங்கை அளவு இடத்தில், பூப்போலத் துடைக்க ஆரம்பித்தார். துணி சிவந்தது. இன்னொரு துணி. அதுவும் சிவந்தது. பிறகு சாம்பல் நிறப் பிரைமர் வந்தது. அதற்கும் கீழே ஒன்றும் தெரியவில்லை, ஒரே மங்கல். போச்சு, தின்றுவிட்டேன் என்று முனிராஜுக்குக் கண் கலங்கியது.

விடவில்லை மனுஷர். கொஞ்சம் பாலிஷ் தொட்டு, மேல்துண்டை எடுத்து வட்டமாகத் தேய்த்தார். அப்போதுதான் காம்பவுண்டு வேப்பமரக் கிளைகளுக்கு நடுவே வெயில் இறங்கியது. உள்ளே புகை விலகின மாதிரி பச்சையும் பழுப்பும் எழுந்து வந்தன. அதற்குள்ளிருந்து அந்தப் பித்தளை மினுக்கம், பதினோரு வருஷம் முன்பு பார்த்த அதே மினுக்கம். முனிராஜ் சிரித்தார், அழுதார், இரண்டும் சேர்ந்து வந்தது. ஸ்ரீகண்டன் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் மண்டியிட்டுக் கன்னத்தைக் காரோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். காபித் தட்டோடு வெளியே வந்த அலர்மேல்மங்கை, திரும்பவும் பயறா என்று நொந்துகொண்டார்.

சேஷகிரி படியில் உட்கார்ந்தார். முதலில் முறைத்தார். அப்புறம் அந்த ஜீப் கதவு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தோள் குலுங்க ஆரம்பித்தது. அன்றைக்கே தெரிந்திருந்தால் போலீசில் பிடித்துக் கொடுத்திருப்பேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பெயின்டரைத் தவிர வேறு யாரும் இந்த வண்டியைத் தொடக்கூடாது என்று ஸ்ரீகண்டன் அங்கேயே சொல்லிவிட்டார். முனிராஜ் இருபத்துமூன்று நாள் துணியும் தின்னருமாக உட்கார்ந்து சிவப்பை உரித்தார். இந்தத் தடவை தார்ப்பாய் கட்டவில்லை. பார்க்க வந்தவர்களுக்குச் சேஷகிரியே நாற்காலி போட்டார். கார் நல்ல விலைக்கு மும்பை போயிற்று, கன்னடப் பேப்பரில் போட்டோ வந்தது, கூடவே ஜீப் கதவுக் கதையும் வந்தது.

பேப்பர் வந்த காலை முனிராஜின் மனைவி லட்சுமம்மா, இன்றைக்கு ஷெட்டைத் திறக்க வேண்டாம், வாய்ச் சண்டை கைச் சண்டையாகிவிடும் என்று தடுத்தார். முனிராஜ் கேட்கவில்லை. கேட்பவர்கள் கேட்கட்டும், தப்பு செய்தவன் நான்தானே என்று சொல்லிவிட்டுப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முதலில் வந்து நின்றது காக்ஸ் டவுன் டோரதி டீச்சரின் மாரிஸ் மைனர். அவருடைய அப்பா கம்பெனி பெயின்டோடு விட்டுப்போன வண்டி, நாலு வருஷத்துக்கு முன்னால் பதினொரு நாள் சுரண்டி, முனிராஜ் நீலம் அடித்துக் கொடுத்தது. டீச்சர் கையில் சுருட்டிய பேப்பர் இருந்தது. முகம் கடுகடுவென்று இருந்தது. முனிராஜ் எழுந்து நின்று, டீச்சர், உங்க வண்டிய சத்தியமா தகரம் வரைக்கும் சுரண்டினேன், ஒரு பொட்டு விடல, என் பிள்ளைங்க மேல ஆணை என்று படபடத்தார்.

டோரதி டீச்சர் வண்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"அதைத்தான் கேக்க வந்தேன். என் வண்டிக்கு மட்டும் ஏன்பா அவ்ளோ யோக்கியமா வேலை செஞ்சே?"