அரைநிமிஷத்தாரின் முதலிடம்

திருகாணியை உதட்டில் கவ்விக்கொண்டுதான் பேசுவார். "ம்ம்ம், ம்ம்" என்பார். எதிரே நிற்பவருக்கு ஒரு மண்ணும் புரியாது. டோக்கன் கவுண்டரில் உட்கார்ந்தபடியே அவர் மனைவி விளக்கம் சொல்வார்: "குறடு கேக்குறாரு, எடுத்துக் குடுங்க." குறடு கைக்கு வந்ததும் மனிதர் தலையாட்டுவார். இதுவரை அந்த அம்மாளின் கணிப்பு தப்பியதே இல்லை.

வீடியோ கேம் கூடத்தின் மெக்கானிக் இவர். எந்த வேலையைச் சொன்னாலும் "அரை நிமிஷ வேலைங்க இது" என்று சட்டைக் கையை மடிப்பார். அதனால் 'அரைநிமிஷம்' என்றே பெயராகிவிட்டது. அந்த அரை நிமிஷம் சில நாள் பொழுது சாயும்வரை நீளும். அதைச் சுட்டிக்காட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பழுதான மெஷினை முதலில் ஒரு தட்டு தட்டுவார், பிறகு வாய்க்கு வந்தபடி திட்டுவார், கடைசியில்தான் திருப்புளியை எடுப்பார். பாதி மெஷின்கள் திட்டுக்கே சரியாகிவிடும் என்பது அவர் கட்சி.

ஒரே ஒரு மெஷினை மட்டும் திட்டமாட்டார். மூலையில் நிற்கும் பழைய கார் பந்தய மெஷின் அது. அதன் திரையில் ஓடும் புள்ளிப் பட்டியலில் முதலிடம் அவருடையது. யார் யாரோ மாய்ந்து மாய்ந்து ஓட்டியும் அந்த இடத்தை அசைக்க முடியவில்லை. பெருமை பிடிபடாது மனிதருக்கு! ஆனால் அந்தப் பட்டியலைக் காக்கும் பேட்டரி உள்ளே செத்துக் கிடக்கிறது. மெஷினை அணைத்தால் பட்டியல் முழுக்க அழிந்துபோகும். ஆகவே கூடத்தைப் பூட்டும்போது அதை மட்டும் ஓடவிட்டு, முதலாளி கண்ணில் வெளிச்சம் படாமல் பழைய போர்வையைப் போர்த்திவிட்டுப் போவார்.

"புது பேட்டரி மாத்திட்டா என்னங்க?" என்று மனைவி கேட்பதுண்டு.

"மாத்தணும்னா அணைக்கணும். அணைச்சா எல்லாம் போச்சே!"

அந்த மெஷினுக்குத்தான் வந்தது வினை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள கதவின் பூட்டு தேய்ந்துபோய், ஐஸ்கிரீம் குச்சியை விட்டுத் திருப்பினாலே திறந்துகொண்டது. ஒரு குழந்தை உள்ளே கையை விட்டு ஒயரைப் பிடித்து இழுத்ததை முதலாளி பார்த்துவிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள கதவு பூட்டணும். இல்லேன்னா வண்டிய வரச்சொல்லி இத பழைய இரும்புக்கு ஏத்தி அனுப்பிடுவேன். இந்த வம்பே எனக்கு வேணாம்."

"அரை நிமிஷ வேலைங்க!" என்றார். குரலில் வழக்கமான மிடுக்கு இல்லை.

வேறு யாராவது என்றால் மெஷினை அணைத்துவிட்டுக் கையை விடுவார்கள். இவர் கார்கள் காதருகே உறும உறுமவே வேலையைத் தொடங்கினார். பழைய பூட்டின் நட்டைக் கழற்றி உருவிப் போட்டார். புதியதைச் செருகி நட்டை முறுக்கினார். சாவியைத் திருப்பினால் சட்டத்துக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும் தகடு இருக்கிறதே, பூட்டின் நாக்கு, அது பழையதில் நேராக இருந்தது. புதியதில் வளைந்திருந்தது. வளைவை வெளிப்பக்கமாக வைத்துப் பார்த்தார், எட்டவில்லை. பூட்டு செய்தவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் புரட்டி மாட்டினார். கச்சிதம்! கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பி இழுத்தார். அசையவில்லை. மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி "ம்ம்?" என்றார்.

பிறகு திறக்கப் பார்த்தார். சாவி பம்பரமாகச் சுற்றியது. கதவு திறக்கவில்லை.

அந்த அம்மாள் எழுந்து வந்தார். "ஏங்க, வாயில என்ன அது?"

உள்ளங்கையில் துப்பினார். நாக்கைப் பூட்டோடு இறுக்கிப் பிடிக்க வேண்டிய திருகாணி.

"நல்லாச் சப்பிட்டீங்களா? மிட்டாய்னு நெனச்சீங்களோ?"

கழன்ற நாக்கு உள்ளே சட்டத்தில் சிக்கிக்கொண்டு கதவைப் பிடித்திருந்தது. நெம்பினால் கதவே கோணிக்கொள்ளும், பிறகு வண்டிதான். கதவை ஒட்டி, டோக்கன் போடும் இரண்டு வாய்களில் ஒன்று பழுதாகி, கழற்றிய ஓட்டையை அட்டையால் அடைத்திருந்தார்கள். அட்டையைக் கிழித்தார். அவர் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. மனைவி கடிகாரத்தைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டார்.

"இன்னும் மேல... தகடு தட்டுப்படுதா?"

"இருங்க, பறக்காதீங்க... இந்தா, வந்துருச்சு!"

நாக்கு உள்ளே டங்கென்று விழுந்தது, கதவு திறந்தது. சந்தோஷத்தில் அந்த அம்மாள் கையை வெடுக்கென்று உருவினார். உட்பக்கச் சுவரில் இருந்த சுவிட்ச் மேல் விரல் பட்டது. உறுமல் நின்று திரை இருண்டது.

மனிதர் யாரையும் திட்டவில்லை. "இப்ப பேட்டரிய மாத்திடலாம்" என்று மட்டும் சொன்னார். கருவிப் பெட்டியின் அடியில் என்றோ வாங்கிப் போட்டிருந்ததை எடுத்து மாட்டினார். நாக்கைப் பொருத்தி, திருகாணியை இந்த முறை நேராகக் கையிலிருந்தே முடுக்கினார். மெஷினைப் போட்டதும் பட்டியல் வெறும் கோடுகளாக வந்தது.

முதலாளி வந்து கதவை இழுத்துப் பார்த்தார், முழங்காலால் ஒரு இடி இடித்தும் பார்த்தார். "வண்டி வேணாம்ப்பா" என்று போனில் சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

"என் கைதாங்க பட்டுருச்சு" என்றார் மனைவி. கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு ஆசையா வெச்சிருந்தீங்க! இன்னொரு தடவ ஓட்டுங்க. உங்களுக்கு அரை நிமிஷ வேலைதானே?"

அவர் சட்டைப் பையைத் துழாவி ஒரு டோக்கனைப் போட்டார். பிறகு மனைவியின் தோளைப் பிடித்து ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார்.

"ஐயையோ, எனக்கு சைக்கிளே ஓட்ட வராதுங்க!"

"பட்டியல் காலியாத்தானே கெடக்கு. எப்படி ஓட்டினாலும் நீதான் முதல்."

கார்கள் உறுமத் தொடங்கின. அந்த அம்மாள் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தார். கால் கீழே ஆக்ஸிலேட்டரை எட்டவில்லை. இருக்கையோ நகராத ரகம். அரைநிமிஷம் சட்டென்று தரையில் குந்தி, மனைவியின் காலடியில் திரை தெரியாத இருட்டுக்குள் தலையை நுழைத்து, இரண்டு கைகளாலும் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.