சாமிக்குப் போட்ட கொசுவலைப் படம்

இது நடந்த கதை, ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சரி, அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். மாவை இழுக்காமல் நூடுல்ஸ் வருமா? சிப்பிக் கொட்டகையில் கத்தியும் கையுமாக இருக்கும் உங்களில் பாதிப்பேர் அன்றைக்குக் கோயில் முற்றத்தில் இருந்தவர்கள்தான். தப்பிருந்தால் கடைசியில் சொல்லுங்கள்.

சாய் மெய்யூன் சிப்பி உடைக்கிற வேகத்துக்கு, அவள் உட்காருவதைப் பார்த்ததுமே பாதிச் சிப்பி பயத்தில் தானாக வாயைத் திறந்துவிடும். அவளுக்கு ஒரே மகன் யிசென், தைப்பேயில் சினிமா எடுக்கிறான். என்ன சினிமா என்று கேட்டால், "மெதுவா போற படம்மா" என்பான். அவளும் ஏதோ பாசஞ்சர் ரயில் மாதிரி அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லுவாள்.

மகன் படம் வெளிநாட்டு விழாவுக்குப் போனபோது, ஊர் மண்ணைக் காக்கிற தூதிகோங் சாமி முன்னால் நின்று, பரிசு கிடைத்தால் ஒரு படம் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். எங்கள் ஊரில் சாமிக்குப் படம் போடுவது சகஜம். திரையைச் சன்னதியைப் பார்த்துக் கட்டுவார்கள். ஆள் வராவிட்டாலும் படம் ஓடும். தாடிக்காரச் சாமி உள்ளே உட்கார்ந்து பார்ப்பார், வெளியே இரண்டு நாய் பார்க்கும். வழக்கமாகச் சண்டைப் படம்தான்.

பரிசு வந்தது. மெய்யூன் யாரும் செய்யாத காரியம் செய்தாள். மகன் எடுத்த படத்தையே போடச் சொன்னாள். திரை கட்டிப் படம் ஓட்ட வந்த காவ், முன்னாடியே பார்த்தாயா என்று இரண்டு தரம் கேட்டான்.

"நான் எதுக்குப்பா பாக்கணும்? நேந்துகிட்டது சாமிக்கு" என்றாள்.

வெளிநாட்டுப் பரிசு என்றதும் ஊரே நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தது. இருட்டியதும் படம் தொடங்கியது. திரையில் ஒரு மேசைவிசிறி இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது. நாற்பது நிமிடம் அதுதான். ஒருவர் நான்கு சோளக்கதிர் தின்று முடித்து, வீட்டுக்குப் போய்ப் பல் விளக்கிவிட்டு வந்தார். விசிறி இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது.

பிறகு இரண்டு பையன்கள் வந்தார்கள். பேசவில்லை. ஒருவன் மற்றவன் முதுகில் சோப்புப் போட்டான், அவசரமே இல்லாமல். அப்புறம் இருவரும் கொசுவலைக்குள் போனார்கள். கேமரா வெளியிலேயே நின்றுவிட்டது. வலை மட்டும் ஆடியது. கடைசியில் வலைக்கு வெளியே ஒரு கால் நீண்டது. இன்னொரு கால் வந்து அதன் விரலை மெல்லத் தொட்டது.

அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அபச்சாரம் என்று முணுமுணுத்தவர்கள், சரியாகத் தெரியவில்லை என்று நாற்காலியை முன்னால் நகர்த்தினார்கள். கண்ணைப் பொத்திய விரல்களுக்கு நடுவே சரக்கு ரயிலே போகலாம்.

கோயில் கமிட்டித் தலைவர் ஊ தியென்சாய் எழுந்து, நிறுத்து என்று காவைக் கையமர்த்தினார். சாமி முகத்துக்கு நேரே இந்தக் கண்றாவியா என்றார். யாரும் பிடுங்க முடியாதபடி மெய்யூன் புரொஜக்டர் ஒயரின் மேல் ஏறி நின்றுகொண்டாள். அவளுக்கு வேறு பயம். பாதியில் நிறுத்தினால் நேர்த்திக்கடன் தீராது, கொடுத்த பரிசைச் சாமி பிள்ளையிடமிருந்து திருப்பிப் பிடுங்கிக்கொள்ளும்.

"தலைவரே, போன வருஷம் இதே எடத்துல லாரிமேல நீச்சல் உடுப்போட நாலு பொண்ணுங்கள ஆடவிட்டது யாரு? அதுவும் சாமிக்குத்தான்னீங்க. நீங்க முன்னாடி வரிசையில ஸ்டூலோட கவுந்தீங்களே."

"அது வேற. அது சம்பிரதாயம்" என்றார் தலைவர்.

"நாலு பேரு தொடையக் காட்டினா சம்பிரதாயம், ரெண்டு பேரு கட்டைவிரலத் தொட்டா கண்றாவியா?"

தலைவர் குரலைத் தாழ்த்தி, உன் மகன் ஏன் இப்படிப் படம் எடுக்கிறான் என்று யோசித்தாயா என்று கேட்டார். மெய்யூன் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அது எங்க வீட்டுக் கொசுவலை. மூலையில பச்சை ஒட்டு தெரியுதா, நான் தச்சது. வாயத் தொறந்து சொல்ல தைரியமில்லாம, மூணு வருஷம் படமா எடுத்துச் சொல்லியிருக்கான் கழுதை. பாதியில நிறுத்தினா பாதிதானே கேட்டவளாவேன்."

சாமிக்குப் போட்ட படத்தைச் சாமியைக் கேட்காமல் நிறுத்த முடியாது. அதனால் தலைவர் சாமியிடம் குறி கேட்கிற பிறைக்கட்டை இரண்டையும் எடுத்து, நிறுத்தட்டுமா என்று கேட்டுப் போட்டார். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் கவிழ்ந்தால் கூடாது. இரண்டுமே மல்லாந்து விழுந்தன. அப்படி விழுந்தால் சாமி சிரிக்கிறார். மறுபடி போட்டார். மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது தரமும் சிரிப்பு. படத்தைப் பார்த்துச் சிரிக்கிறாரா, தலைவரைப் பார்த்தா என்று ஊரே கட்டையைச் சுற்றி நின்று மோதிக்கொண்டது. எல்லார் முதுகும் திரைப்பக்கம். படம் தன்பாட்டுக்கு ஓடி முடிந்தது. ஒயர் மேலிருந்து இறங்காமல் முழுசாகப் பார்த்தவள் மெய்யூன் ஒருத்திதான். மறுநாள் மகனுக்கு ஃபோன் போட்டு, அந்தப் பையன் சிப்பி சாப்பிடுவானா என்று மட்டும் கேட்டாளாம். நேர்த்திக்கடனும் தீர்ந்தது.

"எப்படித் தீரும்?" என்றார் கொட்டகைக் கோடியிலிருந்து தலைவரின் மச்சான். "அந்த நேரம் சாமி கட்டையிலதானே கவனமா இருந்தாரு. கடைசி அரைமணி நேரம் அவரும் பாக்கல. கடன் செல்லாது, இன்னொரு தரம் போடணும்."

"சாமிய சாக்கு வச்சு உனக்குப் பாக்கணுமா?" என்றாள் பக்கத்திலிருந்தவள். அவர் கத்தியைக் கீழே வைத்தார். யாரோ அவர்மேல் ஒரு சிப்பி ஓட்டை எறிந்தார்கள்.