தெற்குச் சுவரின் காற்று

கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று ஏலாக்குறிச்சிக்குத் திரும்பிய அண்ணன், லாரியில் ஒரு பழைய பாய்மரப் படகையும் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் கடல் ஏது? அரியலூர் போகும் வழியில், சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுக் கைவிட்ட மைன்ஸ் பள்ளத்தில் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. சென்னையில் நடக்கவிருந்த இருவர் படகுப் பந்தயத்துக்கு அங்கேதான் பழகினோம். கணக்கு டீச்சரான நான் சுக்கான் பிடித்தேன். அவர் முன்னால் உட்கார்ந்து படகு சாயாமல் பார்த்துக்கொண்டார்.

"சுக்கான அப்படி ஆட்டாத. பிரேக் போட்ட மாதிரி நின்னுடும். உடம்பச் சாய்ச்சுத் திருப்பு" என்பார்.

பாய்க்கயிற்றை இறுக்க இறுக்க வேகம் கூடும் என்று நினைத்திருந்தேன். அரைச்சாண் தளர்த்தியதும்தான் படகு சரேலென்று பாய்ந்தது. ஆடிக் காற்று பள்ளத்தின் தெற்குச் சுவரை ஒட்டித்தான் பலமாக ஓடியது. நாங்களும் அதை ஒட்டியே ஓடினோம்.

மேலே ஆடு மேய்க்கும் ஓர் அம்மா ஒருநாள் கத்தினார்: "அந்த ஓரமா போவாதீங்க சார்! மழ பேஞ்சதுலேருந்து மண்ணு வுழுந்துகிட்டே இருக்கு!"

அண்ணன் கையசைத்ததோடு சரி. ஒரு வாரம் பொடிக்கல் விழுந்தது. மறுவாரம் தலையளவு கல்.

அடுத்த ஞாயிறு காலை, சுவரடியில் தண்ணீர் பாலாகக் கலங்கியிருந்தது.

"வேணாம்ணே. இன்னிக்கி நடுவுலயே ஓட்டுவோம்."

"பந்தயத்துக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு. ஒரே ஒரு சுத்து."

பாதி தூரம் போனோம். சுவரில் புதிதாக ஒரு விரிசல், மேலிருந்து கீழ்வரை. நான் அவரைக் கேட்காமல் படகைத் திருப்பினேன்.

"யாரு திருப்பச் சொன்னா?" என்று சீறினார்.

அவர் வாய் மூடுவதற்குள் சுவர் சரிந்தது. சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. வெள்ளையாக ஓர் அலை எழுந்து வந்தது.

"கயித்த வுடு! சாயி!"

விட்டேன். இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தோம். படகில் பாதிக்குத் தண்ணீர் ஏறியது, கவிழவில்லை. கரையேறியதும் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் படகிலிருந்த தண்ணீரை இறைக்கத் தொடங்கினார்.

சென்னையில் ஒன்பது படகுகளில் ஆறாவதாக வந்தோம். ஒரு திருப்பத்தில்கூட அவர் என்னை அதட்டவில்லை. இப்போது பழக ஓர் ஏரி தேடிக்கொண்டிருக்கிறார். வருகிறேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை.