நடுவில் நின்றுபோகும் பாட்டு

மூன்று வருடம் முன்பு, மாசி மாதத்தில் ஒரு காலை. பட்டினப்பாக்கத்துக்குக் கிழக்கே கடலில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நடந்தது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது கரையில் ஒரு கேசட் கிடந்தது. காரில் காற்று வாங்க வந்தவர்கள் யாரோ வீசிவிட்டுப் போனது. நாடா பாதி வெளியே வந்து மணலில் புரண்டு கிடந்தது. நல்ல தண்ணீரில் அலசி, வலை காயப்போட்ட இடத்திலேயே காயப்போட்டேன். பென்சில் விட்டுச் சுற்றினேன். மேலே ஒட்டியிருந்த பேப்பரில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. அப்பாவின் டேப்பில் போட்டால் கரகரவென்று இழுத்தது. ஒரே ஒரு பாட்டு மட்டும் முழுசாக வந்தது.

இங்கிலீஷ் பாட்டு. ஒருத்தன் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று கத்துவான். உடனே டிரம்மும் கிடாரும் ஒன்றாக வந்து விழும். இனிமை எல்லாம் கிடையாது. தெருச்சண்டை மாதிரி இருக்கும். மொத்தமே இரண்டு நிமிஷம் வராது. பாதியில் எல்லாம் சட்டென்று நின்றுபோகும். ஒரு மூச்சு விடலாம். பிறகு ஒரு கத்தல், மறுபடி எல்லாம் வந்து விழும். ஒரு வார்த்தை புரியாது. ஏன் பிடித்தது என்றும் தெரியாது. அந்த நின்றுபோகிற இடத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான்.

தினமும் போட்டேன். கல்யாணம் ஆன பிறகும் போட்டேன். கேசட் தேய ஆரம்பித்ததும் செல்போன் கடைக்காரர் ஒருவர் அந்தப் பாட்டைப் போனில் ஏற்றிக் கொடுத்தார். குப்பத்தில் அதற்கு டப்பா பாட்டு என்று பேர்.

அதை ரொம்ப வெறுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை, முறைக்குப் பெரியப்பா. அவரும் கடலுக்குப் போகிறவர்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் பாட்டைப் போட்டதும் சுவரில் தட்டுவார்.

"டேய், இன்னாடா அது? பாத்திரக் கடைல பூனை பூந்தா மாரி கீது. நிறுத்துடா."

நிறுத்த மாட்டேன். அவரும் தட்டுவதை விடமாட்டார். இப்படியே வருஷங்கள் போயின.

அன்று படகில் நானும் என் மனைவியின் தம்பியும் மட்டும். விடிந்ததும் வலையை இழுத்துப் போட்டோம். மீன் சுமார்தான். அப்போது பனி இறங்கியது. படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த மச்சான் எனக்குத் தெரியவில்லை. அவன் பீடி நெருப்பு மட்டும் தெரிந்தது. மெதுவாகக் கரைக்குத் திரும்பினோம். தண்ணீரில் மிதந்த பழைய வலை ஒன்று தண்ணீருக்குள் சுற்றும் இன்ஜின் காத்தாடியில் சிக்கிக்கொண்டது. வலையை அறுத்து எடுத்தேன். காத்தாடி உடைந்திருந்தது. இன்ஜின் இனி உதவாது என்று புரிந்தது.

போனில் மனைவி கிடைத்தாள். இன்ஜின் போச்சு என்றேன். எங்கே இருக்கிறீர்கள் என்றாள். தெரியவில்லை என்றேன். அதோடு சிக்னல் போய்விட்டது.

நங்கூரம் போட்டுப் பார்த்தேன். கயிறு தரைக்கு எட்டவில்லை. மாசியில் நீரோட்டம் வடக்கே இழுக்கும். வடக்கே துறைமுகத்துக்குப் போகிற கப்பல் வழி. சொல்லி வைத்தது மாதிரி கப்பல் ஊதியது. பனியில் கப்பல் ஊதுவது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது.

"மாமா, கப்பல் எங்க கீது?"

"தெர்ல."

பனியில் மாட்டினால் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பது எங்கள் வழக்கம். வேறு படகு மேலே வந்து மோதாமல் இருக்கத்தான். கப்பலுக்கு அது கேட்காது. இருந்தாலும் காலி டீசல் கேனைக் கவிழ்த்து, ஒரு கட்டையால் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் கை தானாக அந்தப் பாட்டுக்குப் போய்விட்டது. எனக்குத் தெரிந்த தாளம் அது ஒன்றுதான்.

"சாவப்போற நேரத்துல டப்பா பாட்டா மாமா?"

கட்டையை இறுக்கிப் பிடித்தேன். அடித்தேன். பாட்டு நிற்கிற இடம் வந்தது. நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

"அங்க நிக்கும்."

"யோவ் மாமா, கப்பல் நிக்காதுய்யா."

மறுபடி ஆரம்பித்தேன். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. இதற்குள் கப்பல் நெருங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. இன்ஜின் அதிர்வு படகின் பலகை வழியாகக் காலுக்கு வந்தது. எண்ணெய் வாடை வந்தது. மச்சான் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். பிறகு அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. மீன் பெட்டி கவிழ்ந்து மீனெல்லாம் தண்ணீரில் போனது. கப்பல் போய்விட்டது. எவ்வளவு பக்கத்தில் போனது என்று இன்றுவரை தெரியாது.

தூரத்தில் இன்னொரு கப்பல் ஊதியது. எனக்குத் தோள் மரத்துப்போனது. கேனைத் தேடி எடுத்து மறுபடி அடித்தேன். நின்றுபோகிற இடம் வந்தது. கையைத் தூக்கி அப்படியே வைத்திருந்தேன்.

அந்த அமைதியில் பனிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"டேய், நிறுத்தாதடா. அடிச்சிகினே இரு."

பெரியப்பாவின் குரல். நிறுத்தாதே என்பது அவர் வாயில் நான் கேட்டே இராத வார்த்தை. அடித்தேன். அவர் படகு பனியிலிருந்து வெளியே வந்தபோது கை தொடுகிற தூரத்தில் இருந்தது. கயிறு போட்டுக் கட்டி எங்களை இழுத்துப் போனார்.

கரையில் டீ குடிக்கும்போது மச்சான்தான் கேட்டான், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று.

"நானும் கடல்லதான் இருந்தேன், கரையில இருந்து போன் வந்துச்சு, உங்கள காணோம்னு. இன்ஜின நிறுத்தி நிறுத்திக் காது குடுத்தேன். பனில எல்லாவனும்தான் தட்டிகினு இருந்தான். எவன்னு தெரியும்? ஒண்ணு மட்டும் தட்டிகினே வந்து டக்குனு நின்னுச்சு. முடிஞ்சுதுடா சாமின்னு நென்ச்சேன். மறுபடி ஆரம்பிச்சுது." டம்ளரை வைத்துவிட்டு என்னைக் காட்டினார். "அந்த எடத்துல பாட்டு முடிஞ்சுதுன்னு நான் முப்பது வருசமா ஏமாந்துகினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

மச்சான் சிரித்தான். சிரிப்பு அழுகையாக மாறியதும் எழுந்து தண்ணீர்ப் பக்கம் போனான்.

அதற்குப் பிறகு என் மகள் அந்தப் பாட்டை இன்டர்நெட்டில் தேடிக் கண்டுபிடித்தாள். பங்க் என்று ஒரு வகையாம். நான் பிறப்பதற்கு முன்னால் வெள்ளைக்காரப் பையன்கள் நாலு பேர் பாடியது. என்ன அர்த்தம் என்று கேட்டேன். பஸ் வரவில்லை, நின்று நின்று வெறுத்துப்போச்சு என்று கத்துகிறார்களாம். அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாக இல்லை. காத்துக்கொண்டு நிற்பது எனக்கும் தெரியும்.

பெரியப்பா இன்னும் சுவரில் தட்டுகிறார். நானும் இன்னும் நிறுத்துவதில்லை. அந்தப் பாட்டு எனக்கு மட்டும்தான் மனப்பாடம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இப்போது அது நடுவில் நின்றுபோகும்போதெல்லாம், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவரும் அதே ஒரு மூச்சுக்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.