முதல் நாள் பார்த்தது

கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் அவளுக்கு அக்கா என்றுதான் பேர். முதலாளியின் அப்பாவும் அக்கா என்பார்; அவருக்கு எழுபது வயது. பொரித்து ஒரு நாளான குஞ்சைப் புரட்டி, விளக்கடியில் பின்புறத்தை லேசாகப் பிதுக்கிப் பார்த்து, பெட்டையை இடதுபக்கப் பெட்டியிலும் சேவலை வலதுபக்கப் பெட்டியிலும் போடுவது அவள் வேலை. மணிக்கு எண்ணூறு. இருபத்தெட்டு வருஷமாக. அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பார்கள். அவளும் மறுக்கமாட்டாள். அடக்கமெல்லாம் அவளுக்கு வராத சமாசாரம்.

அப்பேர்ப்பட்டவளுக்கு அடி வீட்டில் விழுந்தது. மகள் என்று இருபத்திரண்டு வருஷம் வளர்த்த பிள்ளை, "நான் ஆம்பளைம்மா. எப்பவுமே அப்படித்தான்" என்று சொல்லி, பேரையும் பாலினத்தையும் மாற்றும் படிவத்தை மடித்து மேசையில் வைத்தது. அதில் சாட்சியாக அம்மாவின் கையெழுத்துதான் வேண்டும் என்றது. அந்தப் பதிவு இல்லாமல், புதிதாகக் கிடைத்த வேலையில் சேர முடியாது.

"ஊருக்கெல்லாம் கோழி பிரிச்சுக் கொடுக்கிறவ, சொந்தப் பிள்ளையைப் பார்க்கலியா?" என்றார் கணவர்.

கேலிதான். ஆனாலும் சுருக்கென்று தைத்தது. படிவத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் இழுப்பறைக்குள் தள்ளினாள். பிள்ளை ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டது. இரண்டு மாதம் ஓடிற்று.

அப்புறம் ஒரு பண்ணைக்காரர் கூடையோடு வந்து நின்றார். உள்ளே ஒரு கோழி; கொண்டை சிவந்து நிமிர்ந்திருந்தது.

"அக்கா, நீங்க பெட்டைன்னு கொடுத்தது. ஒரு வருஷம் முட்டை போட்டுச்சு. இப்ப விடிஞ்சா கூவுது. இதுல எது பொய்?"

அபூர்வமாகப் பெட்டை இப்படிச் சேவலாக மாறுவதுண்டு என்று அவளுக்குத் தெரியும்.

"ரெண்டும் பொய் இல்லீங்க. நான் பார்த்தது முதல் நாள் மட்டும்தான். மீதியை அதுதான் சொல்லணும்."

சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அரை நாள் லீவு போட்டு, படிவத்தை எடுத்துக்கொண்டு அந்த வாடகை அறைக்குப் போனாள். அவன் கதவைத் திறந்தான்.

"இத்தனை நாளா ஏம்மா வரல?"

"பக்கத்துலயே வெச்சிருந்தும் தெரியலயேன்னு ரோஷம்டா. உன் மேல இல்ல, என் மேல."

கையெழுத்துப் போட, முதல்முறையாகப் படிவத்தைப் பிரித்தாள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. புதுப் பேருக்கான கட்டம் மட்டும் காலி.

"இதை ஏன் விட்டுட்ட?"

"முதல் பேரும் நீதானே வெச்ச. இதையும் நீயே வைப்பேன்னு இருந்தேன்."

இரண்டு மாதமாகப் பேரில்லாமல் இருந்திருக்கிறான் பிள்ளை. அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுதினாள்.